தாழைப்பாடி எல்லையைப் பிழைபட உரைத்தவன் விடுக்கும் ஓலை

குன்றுதோறும் அருவி ஒலிக்கும் குறுமலை நாட்டை அறம் வழுவாது ஆளும் அரசி நன்முகையார் திருவடிக்கு, வெண்கரை நாட்டு நில அளவை அமைச்சன் ஆதன்வேள் தலைதாழ்த்தி வரைவது. தங்கள் மலையும் மக்களும் தழைக்க. ‘நான்’ என்று எழுத நாணி, அமைச்சன் தன்னைப் பிறன்போல் வைத்தே நிகழ்ந்ததை உரைக்கின்றான்.

இரு கற்களை இணைக்கும் நேர்கோடே நம் எல்லை. அதற்கு வடக்கு தங்களது, தெற்கு எங்களது. சமவெளி நடுவே நிற்கும் தூணில், கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் குறுக்கிடும் இரு பெருவழிகள் நிலத்தை நான்கு புலங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கல் தென்மேற்கிலும் மற்றது வடகிழக்கிலும் நின்றால், கிழக்கே செல்லச் செல்லக் கோடு வடக்கே ஏறும். வடமேற்கிலும் தென்கிழக்கிலும் நின்றால் தெற்கே இறங்கும். அங்கே அளவுகோல் வேண்டியதில்லை. இவ்வாறு மூன்று எல்லைகளைப் புலத்தின் பெயர் கேட்டவுடனே சொல்லிப் புகழ் பெற்றவன் அமைச்சன். அப்புகழே அவன் கண்ணை மறைத்தது.

தாழைப்பாடி எல்லையில் ஒரு கல் வடமேற்கிலும் மற்றது வடகிழக்கிலும் உள்ளன என்று எம் வேந்தர் அவையில் உரைத்தனர். இரண்டும் வடக்கே இருப்பதால் கோடும் வடக்கே ஏறும் என்று அமைச்சன் தயங்காது மொழிந்தான். அவன் சொற்படி, கிழக்கே உள்ள தாழைப்பாடி ஊர் கோட்டுக்குத் தெற்கே, எங்கள் பக்கம் விழுந்தது. அவ்வூரில் கயிறு திரிக்கும் கொற்றி என்பாள் எழுந்து, இரு கல்லும் வடக்கே நின்றால் கோடு ஏறவும் கூடும், இறங்கவும் கூடும், சாயாமல் கிடக்கவும் கூடும் என்றும், கிழமேல் வழியிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை கோல் என்று அறியாமல் சொல்லலாகாது என்றும் பணிந்து கூறினாள். கயிறு திரிப்பவள் அமைச்சனுக்குக் கணக்குச் சொல்வதோ என்று அவன் நகைத்தான். அவையும் நகைத்தது.

அயல்நாட்டார் என்று நாற்பது குடும்பங்களை எம் காவலர் அடைமழையில் வெளியேற்றினர். கொற்றி தன் கயிற்றாலேயே அளந்து, கண்ட அளவுகளை அமைச்சனுக்கு அனுப்பினாள். அவளைப் பொய்யாக்கவே அமைச்சன் கோலெடுத்துச் சென்றான். மேற்குக் கல் எழுநூறு கோல் வடக்கே நின்றது. கிழக்குக் கல் நானூறே. கோடு இறங்கியது, ஊர் அதற்கு வடக்கே, தங்கள் நாட்டில் கிடந்தது.

அரசியீர், இதனை அறிந்தும் அவன் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. தன் பெயர் கெடுமே என்று அஞ்சினான். ஐந்தாம் நாள் கொற்றியின் கணவன் சாத்தன் மரத்தடியில் காய்ச்சலால் இறந்தான். அதன் பின்னரே அமைச்சன் எம் வேந்தர் முன் விழுந்து உண்மை உரைத்தான்.

மக்களை அவனே அழைத்துச் சென்று மீண்டும் ஊரில் குடியேற்றினான். வீடுதோறும் நின்று தன் பிழையைத் தானே சொல்லவேண்டும் என்று கொற்றி கேட்டாள், சொன்னான். இறுதியாக அவள் வீட்டு வாயிலில் நின்றான். கதவு திறக்கவில்லை. உண்மை அவனுக்கு எந்நாளில் தெரிந்தது என்று மட்டும் உள்ளிருந்து கேட்டாள். சாத்தன் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர் என்றான்.

எம் காவலர் இன்றே கோட்டுக்குத் தெற்கே மீள்க என்பதும், இருமுறை அளக்காது எவரும் எல்லை உரைக்கலாகாது என்பதும், ஆதன்வேள் தங்கள் அவையில் நின்று தீர்ப்பேற்க என்பதும் வேந்தர் ஆணை. இவ்வோலை கொணர்ந்து தங்கள் வாயிலில் நிற்பவன் அவனே. வேந்தர் திருக்கையால் இலச்சினை இட்டது.