அக்கரைக்குக் கட்டிய மணி

லோங் பலாவ், பாராம் ஆறு
4 மே 1976

என் செல்ல மகள் லிரோங்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். முதுகு மட்டும் நலமில்லை, அது உனக்குத் தனியாகக் கடிதம் போடும். மிரியில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? வயிறு இறங்கிவிட்டதா?

படகு ஓட்டுவதை விட்டபின் எனக்கு இரண்டே வேலை: வலை பார்ப்பது, அதில் விழாத மீனைப் பற்றிப் பேசுவது. அதனால் எழுத நேரம் நிறைய.

ஒரு சங்கதி. உன் பிள்ளையைச் சுமக்கும் முதுகுக்கூடைக்கு உன் அம்மா கோக்க ஆரம்பித்த மணிப்பட்டை, பாதியோடு பலகைமேல் கிடக்கிறதல்லவா? அவளைப் புதைத்த நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. மணி கோக்க அடியில் வைக்கும் அந்தப் பலகையில் நாய் உருவம் செதுக்கியவன் நான். அதனால் அந்த நாய்முகத்துக்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. "நாயா இது, பல்வலி வந்த உங்க அண்ணனா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் முதல் மணியை ஊசியில் ஏற்றினாள்.

நேற்று மத்தியானம் வலை பார்த்துத் திரும்பினால், பட்டை வளர்ந்திருக்கிறது. சின்னக் கண்ணுக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாக ஒரு விரல் அகலம். பக்கத்துக் கதவு உபோங்கிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

"நானா? எனக்கு ஊசிக் காதே ரெண்டாத் தெரியுது. காலையிலேயே அரிசிக் கள்ளை ஊத்திக்கிட்டியா, கெபிங்?"

நீள்வீட்டில் வரிசையாகக் குடியிருக்கும் எல்லாக் குடும்பமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மகளே, நான் குடிக்கவில்லை. நேற்றைக்குக் குடிக்கவில்லை.

உன் அப்பா,
கெபிங்

---

மிரி
19 மே 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். காது இரண்டும் உங்களுடையது. பெண்பிள்ளை என்றும் பாராமல் இப்படிச் செய்துவிட்டீர்களே!

மாமியார் வந்திருக்கிறார். வந்ததும் கேட்டது முதுகுக்கூடையைத்தான். "அது வராம பிள்ளையை வாசல் தாண்ட விடாதே. இன்னும் உயிர் உடம்புல சரியா உட்காரலை. மணிப்பட்டைல சாஞ்சாத்தான் உட்காரும்" என்கிறார். நான் மிரி நகரத்துக்காரி ஆகிவிட்டேன் என்று மாமியார் சிரித்தாலும், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உபோங் அக்காவையாவது சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

பட்டை தானாக வளர்கிறது என்று விளையாடாதீர்கள் அப்பா. இறந்தவர்கள் போகும் அக்கரைக்குப் படகுக் கூலி என்று அம்மாவின் வலது கையில் மணியை நானேதான் கட்டினேன். மஞ்சள் கண் வைத்த கறுப்பு மணி, ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. அவளுடைய பாட்டி வழியில் வந்தது. அதைக் கொடுத்து அவள் எப்போதோ ஆற்றைக் கடந்திருப்பாள்.

உங்கள்
லிரோங்

---

லோங் பலாவ்
2 ஜூன் 1976

என் மகளுக்கும் பெரிய காதுக்காரிக்கும்,

கடிதத்தை நீள்வீட்டின் பொது நடைக்கூடத்தில் சத்தமாக வாசித்தேன். என் காதைப் பார்க்க ஒரு வரிசையே வந்து போனது.

இனி சொல்வதை அங்கே சத்தமாக வாசிக்காதே. அது உன் அம்மாதான். முடிச்சுகள் எல்லாம் அவள் போடும் இடக்கை முடிச்சு. நூல் நுனி கத்தியால் வெட்டியதில்லை, பல்லால் கடித்தது. உபோங் வந்து பலகையைத் திருப்பிப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"பாதில விட்டதை முடிக்க வந்திருக்கா. முடிச்சதும் போயிடுவா. நீ கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

நான் என்றைக்குச் சும்மா இருந்தேன்? முடிந்தால் போய்விடுவாள் என்றால், முடியாமல் இருந்தால்? அன்று முதல், விளக்கேற்றும் நேரத்தில், பகலில் அவள் கோத்ததைப் பிரித்துவிடுகிறேன். மறுநாள் வலையிலிருந்து வந்தால் திரும்பக் கோத்திருக்கிறாள். ஒரு நாள் பிரித்த மணிகளை நிறம் பார்க்காமல் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டேன். மறுநாள் நிறம் நிறமாகத் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தன. என் செருப்பு மட்டும் படிக்குக் கீழே சேற்றில் கிடந்தது. செத்தும் அவள் கோபம் குறையவில்லை.

சிரிக்காதே, வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கிறது. இரண்டு தட்டு வைக்கிறேன். பிள்ளைக்குக் கொஞ்ச நாள் கடைத்துணித் தூளி போதாதா?

அப்பா

---

மிரி
14 ஜூன் 1976

அப்பா,

பிள்ளை சரியாக இல்லை. பகலெல்லாம் நன்றாக இருக்கிறாள். விளக்கேற்றும் நேரம் வந்ததும் அலறுகிறாள். பசி அழுகை இல்லை. யாரோ தன்னிடமிருந்து எதையோ உருவி எடுப்பதுபோல் விரல்கள் விரிந்து விரிந்து மூடுகின்றன. பிறகு சட்டென்று அடங்கிவிடுகிறாள். அதுதான் இன்னும் பயம். கண் திறந்திருக்கும், ஆனால் என்னைப் பார்க்காது. காலையில் மறுபடியும் சிரிப்பாள். தினமும் கொஞ்சம் குறைவாக.

டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லாமல் பிள்ளை இளைக்குமா?

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வாசித்துவிட்டு மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கப்பா பிரிக்கிறது மணியை இல்ல."

பிரிக்காதீர்கள் அப்பா. எனக்கும் அம்மா வேண்டும். ஆனால் இவள் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறாள்.

லிரோங்

---

லோங் பலாவ்
21 ஜூன் 1976

மகளே,

மருடிக் கடைக்காரர் படகு உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் கையில் நூல் இருந்தது. அப்படியே கீழே வைத்தேன்.

மறுநாள் வலைக்குப் போனேன். வலை இல்லாமல் போனேன், அது துறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. போகும்போது வெறும் அறையைப் பார்த்து, "முடிச்சிடு, உசுன். நான் தொடமாட்டேன்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. ஊசி மணிக்கிண்ணத்தில் குத்தி நின்றது. நான் அதை உற்றுப் பார்க்கவில்லை, பார்த்தால் அனுப்ப மனம் வராது. கூடையில் உபோங் வைத்துத் தைத்தாள். பின்னால் நத்தை ஓடுகளும் கட்டியிருக்கிறாள், நடந்தால் சத்தம் கேட்கும். இந்தப் படகிலேயே அனுப்புகிறேன்.

நேற்று ஒரு தட்டுத்தான் வைத்தேன்.

அப்பா

---

மிரி
30 ஜூன் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

கூடை வந்தது. பிள்ளையை வைத்து முதுகில் ஏற்றியதும் ஒரு பெருமூச்சு விட்டாள், வேலை முடித்த கிழவி மாதிரி. அன்று விளக்கேற்றும்போது அழவில்லை. இப்போது தேற ஆரம்பித்திருக்கிறாள். நத்தை ஓட்டுச் சத்தம் கேட்டுத் தெரு நாய்களெல்லாம் என் பின்னால்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாயின் பெரிய கண்ணுக்கு நடுவே வேறு ஒரு மணி இருக்கிறது. மஞ்சள் கண் வைத்த கறுப்பு மணி. ஓரத்தில் சில்லு பெயர்ந்தது.

அப்பா, நான்தான் அதை அவள் கையில் கட்டினேன். அவள் கையோடு சேர்த்துத்தான் பெட்டியை மூடினோம். கூலியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவள் எப்படிக் கடப்பாள்? படகுக்காரன் ஏற்றுவானா?

லிரோங்

---

லோங் பலாவ்
12 ஜூலை 1976

என் மகளுக்கு,

வாசித்தேன். நெடுநேரம் துறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏற்றமாட்டான். நானே படகுக்காரன், எனக்குத் தெரியாதா அந்தச் சாதியை? ஆனால் நீ அழாதே. படகு ஓட்டிய காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இருட்டியபிறகுதான் திரும்புவேன், அவள் துறையில் காத்திருப்பாள். அங்கேயும் எனக்காகத் திட்டிக்கொண்டே காத்திருப்பாள். அது அவளுக்குப் பழக்கம்.

என் முறை வரும்போது என் கையில் இரண்டு மணி கட்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேரம் பேசிக்கொள்கிறேன். அந்த மணியை மட்டும் பட்டையிலிருந்து எடுக்காதே. அவள் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

அப்பா

---

லோங் பலாவ்
9 மார்ச் 1977

லிரோங்,

முதுகு நலம். மற்றதை அவசரமாக எழுதுகிறேன், படகு கிளம்பப் போகிறது.

இன்று மத்தியானம் வந்து பார்த்தால், நூல் கோத்த ஊசி பாயின்மேல் இருக்கிறது. நிறம் நிறமாகக் கிண்ணங்கள். நான் தூக்கிப் போட்டிருந்த பழைய உளி, தீட்டிய முனையோடு, என் தலையணைமேல். செருப்பு சேற்றில்.

இன்னொரு கூடைக்குப் புதுப் பலகை செதுக்கச் சொல்கிறாள். இந்த முறை கண் இரண்டும் சமமாக இருக்கவேண்டும் போல.

செதுக்க உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தட்டும் வைத்தாயிற்று. நீ எனக்கு ஒன்றும் எழுதவில்லையே மகளே. மாப்பிள்ளைக்காவது சொல்லிவிட்டாயா?

உன் அப்பா,
கெபிங்