படகில் இருந்த அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைக்காமல் முழுசாகப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் அறை ஜெபத்துக்குப் போதகர் வரவில்லை. "நீயே பேசு தம்பி, உனக்குத்தான் பேச்சு நல்லா வருமே" என்று கிரேன் ஓட்டுகிற அண்ணன் என்னைத் தள்ளிவிட்டார். இயேசு ஊழியம் தொடங்கிய புதிதில் மீனவர்களைக் கூப்பிட்ட பகுதியை எடுத்தேன். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபதேயுவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்று வாசித்தேன். சின்ன வயதிலிருந்து நூறு தரம் கேட்டதுதான். அன்றைக்குத்தான் அந்தத் தகப்பன் என் கண்ணில் பட்டார். அதற்கு மேல் பேச்சு வராமல் அழுதுவிட்டேன்.

"ஆவியில நிறைஞ்சிட்டான்டா!" என்று எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். இனி வாராவாரம் நான்தான் பேச வேண்டுமாம்.

அந்த மீனவர்களையாவது இயேசு கூப்பிட்டார். என்னை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டது ஏஜென்ட்.

இந்த வருஷமும் ஊருக்கு வர லீவு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷமும் கிடைக்கும் என்று தோன்றவில்லை. ஜெபித்தால் சுவரிடம் பேசுவதுபோல் இருக்கிறது.

வேலைக்குப் போகும்போது ஏணியின் காலில் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், வழுக்காது. மாடிக்கு வெள்ளையடிக்க யார் கூப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்களை ஏற்ற வந்த வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

செபதேயுவின் படகில் கூலியாட்கள் மிச்சம் இருந்தார்களாம். நான் பிடிக்கும்போதே ஆடுகிற ஏணி அது. இப்போது யார் பிடிக்கிறார்கள், அப்பா?

உங்கள் மகன்