கவுன்டரில் திரும்பி வந்த மெடல்

அக்கா, நீ எனக்குச் செய்தது அநியாயம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் மெடலைக் கல்லூரியில் யாரும் பொருட்படுத்தவில்லை என்பது உனக்குத் தெரியும். மெடல் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, நான் கல்லூரிக்கு விண்ணப்பம்கூடப் போடாதபடி நைனா தடுத்தபோது நீ இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாய். உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

காலையிலிருந்து என் கையில் புளி வாசனை. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போயிருந்தேன். உன் பீரோவைக் காலி செய்ததில் கிடைத்தது என்று உன் மகன் ஒரு மருந்து டப்பாவை என்னிடம் கொடுத்தான். உள்ளே மெடல். “நீங்கதான் சித்தி எப்பவும் இதைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பீங்களாம், அம்மா சொல்வாங்க. நீங்களே வச்சிக்கோங்க” என்றான். ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் தொடாமல் வைத்திருந்தேன். இன்று கை கேட்கவில்லை. புளியை ஊறவைத்து உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தோரு வயதிலும் உன் மெடலை நான்தான் தேய்க்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ பள்ளியில் முதலாவதாக வந்த வருஷம் அது. மேடையில் தலைமையாசிரியை உன் தாவணியில் அதைக் குத்தியபோது, கடைசி வரிசையில் நின்ற நைனா தன் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தங்கவயல் சுரங்கத்தில் மார்பைக் கெடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வந்த மனுஷன். இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். அன்று முதல் மர்பி டவுனில் நம் ஒற்றை அறை வீட்டில், புத்தர் படத்துக்குக் கீழே ஆணியில் அது தொங்கியது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் மெடலைக் காட்டுவார். பால்காரர் எத்தனை தடவை பார்த்தாரோ.

சனிக்கிழமை தோறும் அதைத் துலக்குவது என் வேலை. “பெரியவ படிக்கணும், சின்னது தேய்க்கட்டும்” என்று அம்மா பிரித்துக் கொடுத்தாள். குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளி, அதே செங்கல் பொடி. வெள்ளி என்று நம்பியிருந்தோம். பித்தளைமேல் பூசிய வெறும் முலாம் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது சனிக்கிழமையே ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். முலாம் போன பிறகு எழுத்து மழுங்கியது, அதில் உன் பெயர்தான் முதலில் போனது. நைனா கேட்டதற்கு, “நல்லா மின்னட்டும்னுதான் நைனா” என்றேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த வட்டத் தகடுதான்.

நீ கல்லூரியில் சேர்ந்த நாள் உனக்கு நினைவிருந்தது போலவே எனக்கும் இருக்கிறது. மூன்று பேரும் போனோம். கேட்டுக்கு உள்ளே வர நைனாவுக்குக் கூச்சம். அன்று டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், காக்கிச் சட்டை. அவருடைய கைக்குட்டையில் மெடலைச் சுற்றி உன்னிடம் கொடுத்து, “முதல்ல இதை எடுத்து வை, அப்புறம் பேசு” என்றார். நானும் அவரும் மரத்தடியில் நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து நீ வந்தாய்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது நைனா.”

“மெடலைப் பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க.”

அவ்வளவுதான் நீ சொன்னது. மற்றதை நைனா கட்டினார். பஸ்ஸில் கண்டக்டரிடம், மெடலைப் பார்த்ததும் கிளார்க் மறுபேச்சு பேசவில்லை என்றார். அல்சூர் மார்க்கெட்டில் இறங்கும்போது கிளார்க் நாற்காலியைவிட்டு எழுந்திருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் பிரின்ஸ்பாலே வெளியே வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய். அடக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் என் முறை. முதல் வகுப்பு. கணக்கில் உன்னைவிட நான்கு மார்க் கூட. இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், “ஆமாண்டி, நாலு மார்க்” என்று நீயும் சிரித்திருக்கிறாய். அந்த வருஷ மெடல் கம்பவுண்டர் வீட்டுப் பெண்ணுக்குப் போனது. நைனா என் மார்க் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு மடித்தார்.

“மெடல் இல்லாம அந்தக் கேட்டுல நிக்க விடுவாங்களா? இவளுக்கே மெடல் இருந்ததாலதானே நடந்தது. கேளு உங்கக்காவை.”

நான் உன்னைப் பார்த்தேன். நீ புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். மடித்த மூலையை நகத்தால் நீவிக்கொண்டே, “நைனாவுக்குத் தெரியாததா” என்றாய்.

இரண்டே வார்த்தை, அக்கா. நைனா அடம் பிடிக்கிற ஆள் இல்லை. “அங்க மார்க்தான் கேட்டாங்க” என்று நீ சொல்லியிருந்தால் மறுநாளே தொப்பியை மாட்டிக்கொண்டு என்னோடு அந்த மரத்தடிக்கு வந்திருப்பார்.

நான் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போனேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை, இரண்டு பஸ் மாறி. நீ படித்து முடித்த பௌதிகப் புத்தகங்களை பஸ்ஸில் படித்தேன். ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியதையெல்லாம் படித்தேன். ஓரிடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தாய், அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். வரைபடம் படிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே படித்துக்கொண்டேன். புதிதாக வரும் டிப்ளமோக்காரர்கள் மேலதிகாரிக்குத் தெரியாமல் என்னிடம் வந்து, “அக்கா, இது எத்தனை சுத்து வரும்?” என்று கேட்பார்கள். சொல்வேன். கையெழுத்து அவர்கள் போடுவார்கள். ஓய்வு பெறும்வரை நான் ஆபரேட்டர். நீ அரசாங்க அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்காணிப்பாளர் ஆனாய். உன் மேஜையில் பெயர்ப் பலகை இருந்தது. ஒருமுறை மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது, நீ எழுந்து போன நேரம் பார்த்து அதைத் தொட்டுப் பார்த்தேன். எழுத்து நன்றாக ஆழமாக வெட்டியிருந்தது. தேய்த்தாலும் போகாது.

இத்தனை வருஷமும் நான் பொறாமைப்பட்டது மெடலைப் பார்த்துத்தான். அது இருந்ததால் உனக்குத் திறந்தது, இல்லாததால் எனக்கு மூடியது என்று நம்பினேன். அப்படி நம்பினபோது ஒரு நியாயமாவது இருந்தது. நீ ஜெயித்தாய், நான் தோற்றேன் என்று விட்டுவிடலாம்.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண், “ஆயா, நீங்க அந்தக் காலத்துலயே காலேஜா?” என்று கேட்டாளே, நீ தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னாய். கைக்குட்டையைப் பிரித்து மெடலைக் கவுன்டரில் வைத்தாயாம். கிளார்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு விரலால் அதை உன் பக்கம் தள்ளினாராம். “ஈ பில்லெ எல்லா பேடம்மா, மார்க்ஸ் கார்டு கொடி” என்றாராம். இந்த வில்லையெல்லாம் வேண்டாம், மார்க் பட்டியலைக் கொடு. அவருடைய கன்னடத்தை அப்படியே செய்து காட்டினாய். அவள் சிரித்தாள், நீயும் இருமி இருமிச் சிரித்தாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நீ என் முகத்தைப் பார்த்தாய். சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் எந்தக் காலத்துக் கதைடி, பாப்பா” என்றாய்.

நான் சுளையை உன் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாய். ஒன்பது நாளும் வந்தேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி கொடுத்தேன். கேட்கவில்லை. நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். எட்டாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாய். கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

கல்லூரியில் செல்லாத அந்த மெடல் நம் வீட்டில்தான் செல்லுபடியானது. நைனா அதைப் பார்த்துத்தான் உன்னை அனுப்பினார், அதைப் பார்த்துத்தான் என்னை நிறுத்தினார். அந்தக் கிளார்க் என்னிடமும் மார்க் பட்டியலைத்தான் கேட்டிருப்பார். என்னிடம் இருந்தது. நான்கு மார்க் கூடவே இருந்தது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் பேத்திகள். பெரியவள் தாரணி ஏதோ திறனறித் தேர்வில் வாங்கிய சான்றிதழை உன் மகன் கண்ணாடி பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான், உன் மாலை போட்ட படத்துக்கு நேர் எதிரே. போன வருஷம் அவள் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்தாள். இந்த வருஷம் சின்னவள் நிலாவின் முறை. நல்ல மார்க். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, இவளுக்கும் அதே கல்லூரிக்குப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

“சும்மனே எதுக்கு சித்தி?” என்றான் உன் மகன். “பெரியவளுக்கு சர்டிஃபிகேட் இருந்துச்சு, கொடுத்தாங்க. இவளுக்கு மார்க் இருக்கு, ஆனா கையில காட்ட ஒண்ணும் இல்லையே. காலேஜ்ல வேணாம்னு சொல்லிட்டா புள்ள உடைஞ்சு போயிடும்.”

“எனக்கு வேணாம் சின்னாயா. இங்க பக்கத்துல இருக்கிற காலேஜே போதும்” என்றாள் சின்னவள். சொல்லும்போது போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். அந்தக் கல்லூரியின் படிவம், பாதி நிரப்பியது. அப்பா போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு நின்றுகொண்டிருந்தது.

பெரியவளைப் பார்த்துக் கேட்டேன்.

“போன வருஷம் அந்த சர்டிஃபிகேட்டை யாருகிட்ட குடுத்தே?”

“ஃபைல்ல இருந்துச்சு, சின்னாயா.”

“யாரு வாங்கினாங்க?”

அவள் நகத்தைக் கடித்தாள். “யாரும் வாங்கல. அவங்களே ஒரு டெஸ்ட் வைக்கிறாங்க. அந்த மார்க்கும் பி.யூ. பரீட்சை மார்க்கும்தான் பார்த்தாங்க. இன்டர்வியூல நானாத்தான் எடுத்து நீட்டினேன். அந்த மேடம், நீயே வச்சிக்கோம்மான்னு சொல்லிட்டாங்க.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே நீ” என்றான் உன் மகன்.

“நீங்க கேக்கலையேப்பா. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பிரேமுக்கு ஆர்டர் குடுத்துட்டீங்க.”

சின்னவள் நிமிர்ந்து தன் அக்காவையே பார்த்தாள். அக்கா, நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பிள்ளைமேலேயே பொறாமை வந்தது. அவள் அக்கா வாய் திறந்துவிட்டாள். ஒரு வருஷம் தாமதம்தான், கேட்ட பிறகுதான், ஆனாலும் திறந்துவிட்டாள். எனக்காகக் கேட்க அன்று அந்த அறையில் ஒரு ஆள் இல்லை.

உன் மகன் மட்டும் இறங்கி வரவில்லை. “ஒருத்திக்கு அப்படி நடந்தா எல்லாருக்குமா? சர்டிஃபிகேட் இருக்குன்னு தெரிஞ்சாலே ஒரு மதிப்பு சித்தி. எங்கம்மாவுக்கு அந்த மெடல்தானே கதவைத் திறந்துச்சு. பார்க்கலாம்.” நைனாவின் அதே குரல். உன் கவுன்டர் கதை என் நாக்கு நுனிவரை வந்தது. நிமிர்ந்தால் சுவரில் நீ, மாலையோடு. முழுங்கிவிட்டேன். மருந்து டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் உறைத்தது. நீ செய்ததையே நானும் செய்துவிட்டு வருகிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மெடலைத் துடைத்துத் துணியில் சுற்றிவிட்டேன். உன் பெயர் இருந்த இடம் கட்டைவிரலுக்கு வழுவழுவென்று இருக்கிறது. அது என் வேலை, அதற்கு நீ பொறுப்பில்லை.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் உன் மகன் தன் ‘பார்க்கலாம்’-ஐ விட்டுவிட்டு அந்த ஓ.டி.பி. எண்ணைத் தன் மகளிடம் சொல்ல வேண்டும். தாரணி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கல்லூரியில் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். பரிசுகள் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் நிலா கூசாமல் ‘இல்லை’ என்று நிரப்ப வேண்டும். பார்க்கப்போவதில்லை என்றால் கல்லூரிக்காரர்கள் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட வேண்டும். நான் நாளைக் காலை சாப்பிட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மெடலை உன் மகன் முன்னால் மேஜையில் வைத்து, கிளார்க் செய்தது போலவே ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளி, உன் படத்தைப் பார்க்காமல், முழுக்கதையையும் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியவள் நீ.