கையெழுத்துக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரம்

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பழைய நூல் புடவைகளை மடித்து வைக்கலாம் என்று கம்பெனிப் பையைத் திறந்தேன். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற அதே பிளாஸ்டிக் பைதான். கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பதற்காக நமக்கெல்லாம் கொடுத்தது. ஜிப்பை இழுத்ததும் ரப்பர் கையுறைப் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாசனை எனக்கு வேலையை நினைவுபடுத்துவதில்லை, உன்னைத்தான் நினைவுபடுத்துகிறது. பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஷிஃப்ட் முடிந்ததும் கையுறையைக் கழற்றி, வேண்டுமென்றே என் முகத்துப் பக்கம் உதறுவாய். "இப்பதாண்டி கொஞ்சம் கலரா கீற" என்பாய்.

எனக்கு இப்போது ஒன்பதாவது மாதம். தெரிந்திருந்தால் முதலில் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், பிறகுதான் கட்டிப் பிடித்திருப்பாய். கும்மிடிப்பூண்டி வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் முன்பே மணவாள நகரில் நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். ரத்த வங்கி அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் வந்தேன். அம்மா வீட்டுக்குப் போகவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. விரலில் ரத்தம் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். பிரசவத்துக்கு அவளைக் கூட்டிப்போனால் இரண்டு கட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

சுகாதார நிலையத்து நர்ஸ், பிரசவத்துக்கு எப்படித் தயாராகப் போகிறாய் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அரைப்பக்கம் போதும் என்றார். நான் எழுதியது நான்கு பக்கம். எந்த வழியாகப் போவது, ரயில்வே கேட் மூடியிருந்தால் எந்த வழி, ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்ட இரண்டு பேர் எந்த ஷிஃப்டில் இருப்பார்கள், ஆபரேஷன் என்றால் முதல் இரண்டு நாள் என்னைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போவது யார், பால் சுரக்கத் தாமதமானால் யாரைக் கேட்பது, வீட்டுக்கு வந்தபிறகு எத்தனை துணி நனைந்தால் உடனே திரும்பி ஓட வேண்டும். நாத்தனார் வாங்கிப் படித்துவிட்டு, "இது இன்னா பிரசவமா, எலெக்சனா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அதை எழுதும்போது என் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப்போயிருந்தது. இதில் ஒழுங்கு ஒன்றும் இல்லை, எல்லாம் பயம்.

நான் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். காருக்குப் போகிற வயர்களைக் கட்டி முனையில் கனெக்டர் மாட்டுகிற லைனில் நீ மாட்டுகிறவள், நான் பார்த்து டிக் போடுகிறவள். நீ மாட்டியதில் ஒரு முனை சரியாக உட்காரவில்லை என்று நான் திருப்பி அனுப்பினால், "உன் கண்ணுல இன்னா எக்ஸ்ரேவா வெச்சிகினு கீற, பேஜாரு புடிச்சவளே" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாய். சூப்பர்வைசருக்குப் பயப்படாத ஒரே ஆள் நீதான்.

அந்தத் தைரியத்தோடேதான் மாசமாகவும் இருந்தாய். வளைகாப்பு முடிந்து ஊத்துக்கோட்டை அம்மா வீட்டுக்குப் போக வேண்டியவள், உன் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போட்டாய். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வலி வந்தா போவேன், புள்ளய தூக்கிகினு வருவேன். இதுக்கு இன்னாத்துக்குடி பிளானு?" என்றாய். எனக்கும் அது சரிதான் என்று பட்டது. உன்னோடு இருந்தால் எதுவும் சுலபமாகத்தான் தெரியும்.

அது ஒரு திங்கட்கிழமை. எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். நாஷ்டா முடித்து உட்கார்ந்திருந்தபோது உன் போன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டு போடி" என்றாய், குரலில் விளையாட்டு இல்லை. வந்து பார்த்தால் பாவாடை முழுக்க ரத்தம். இன்னும் மூன்று வாரம் இருந்தது உனக்கு. ஷேர் ஆட்டோக்காரர் மற்றவர்களை இறக்கிவிட்டு நம்மை மட்டும் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் விட்டார். வயிற்றில் கருவி வைத்துப் பார்த்த நர்ஸ் முகம் மாறியது. "குழந்தைக்குத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். வீட்டுக்காரர் எங்க? கையெழுத்து போடணும்" என்றார்.

அண்ணன் இரும்பு ஆலையில் கிரேன் மேல் இருந்தார். காலை ஆறு மணிக்கு உள்ளே போகும்போதே போன் லாக்கருக்குள் போய்விடும். நம் ஊர்க் கம்பெனிகள் பாதிக்கு மேல் அப்படித்தானே. பதினோரு தடவை அடித்தேன். லாக்கருக்குள் அது தனியாக அடித்துக்கொண்டிருந்திருக்கும். பிறகு யார் யாரையோ கேட்டு கேட் நம்பரைப் பிடித்தேன். "சூப்பர்வைசராண்ட சொல்றேம்மா" என்றார் செக்யூரிட்டி. சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை.

நர்ஸ் மறுபடியும் வந்தார். "நீங்க யாரு?" "கூட வேலை செய்யறேன்." "கூட வந்தவங்களும் போடலாம். போடுங்கம்மா, நேரம் போகுது." தாளை என் முன்னால் நீட்டினார். பேனாவும் தாளும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.

நான் போடவில்லை.

இதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏதாவது ஆகிவிட்டால் உன் மாமியார் வீட்டார், 'நீ யாருடி எங்க மருமவள அறுக்கறதுக்குக் கையெழுத்து போட?' என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு உன் உயிரைவிட அந்தக் கேள்வி பெரிதாகத் தெரிந்தது. கட்டிலில் இருந்து நீ கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்தாய். "போடுடி. நான் சொல்றேன் இல்ல" என்றாய். "தோ, அண்ணன் வந்துகினே கீறாரு" என்றேன். அது பொய். அவருக்குச் செய்தி போனதா என்றே எனக்குத் தெரியாது அப்போது. நீ நம்பினாய். முந்தானையை விட்டாய்.

முக்கால் மணி நேரம். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து, அண்ணன் யாருடைய பைக்கிலோ, தலையில் கம்பெனி ஹெல்மெட்டோடு ஓடிவந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். குழந்தை பிழைத்துவிட்டது. உனக்கு ரத்தம் நிற்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மாலை ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாடியே ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று சென்னை டாக்டர் சொன்னதாக அண்ணன் சொன்னார். ஆகாமலும் இருந்திருக்கலாம் என்று சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அதனால்தான் இப்போது இப்படிப் பைத்தியம் மாதிரி நடந்துகொள்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை, அவர் போனும் லாக்கரில்தான். போன மாதம் ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், அவர் கம்பெனி கேட்டுக்கு போன் போட்டு, "அவசரம், கூப்பிடுங்க" என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்து மூச்சு வாங்க லைனுக்கு வந்தார். "இன்னாமே ஆச்சு? வலியா?" "ஒன்னும் இல்லய்யா. எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பார்த்தேன்." "மூணு மாடி எறங்கி ஓடியாந்தேன்மே" என்றார். சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், என் பக்கத்தில் உட்கார்ந்து, "இருவத்திரண்டு ஜாஸ்திதான் இல்ல?" என்றார். அவருக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

இருபத்திரண்டு நிமிடம் அவர் லைனுக்கு வருவதற்கு மட்டும். அங்கிருந்து திருவள்ளூர் வந்து சேர ஒன்றரை மணி நேரம். குழந்தை புரண்டாலும் பயம், புரளாமல் இருந்தாலும் பயம். ரத்தம் பட்டிருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை.

போன வாரம் செக்கப்பில் டாக்டரம்மா என் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்களே, அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார். கேட்டுவிட்டேன். "என் வீட்டுக்காரர் வர லேட் ஆச்சுன்னா கையெழுத்து யாரு மேடம் போடறது?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்கதான்" என்றார்.

"நானா?"

"நினைவோட, பேசற நிலைமைல இருந்தா உங்க சம்மதம்தாம்மா முதல்ல. உங்க உடம்பு இல்லையா? கூட ஒருத்தர் இருந்தா நல்லது. அதுக்காக அவங்க வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்க மாட்டோம்."

அதற்குப் பிறகு இரும்பு மாத்திரை பற்றி ஏதோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. நீ அன்றைக்கு நினைவோடுதானே இருந்தாய்! மெட்டியைக் கழற்ற வந்த ஆயாவிடம், "மெதுவாம்மா, விரல் என்னுது" என்று சண்டை போட்டாயே. என்னிடம் போடு போடு என்று சொன்னாயே. ஒரு கையில் ஊசி, இன்னொரு கை சும்மாதான் இருந்தது. நர்ஸ், நான், வரப்போகிற அண்ணன், வராத மாமியார் என்று எல்லோர் கையெழுத்தும் அந்த அறையில் பேச்சாக இருந்தது. படுத்திருந்த உன் கையில் பேனாவைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை. உனக்கே தோன்றவில்லையேடி, சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவளுக்கு!

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். லீவு போட்டுக் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் குழந்தைக்குத்தான் ஏதோ என்று நடுங்கிப்போய்விட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அம்மாவாண்ட போய் சொல்லிடலாம்" என்றார். அவருடைய லீவு நாள் புதன்கிழமை. ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் மகளுக்கு மூன்று வயது ஆகிறது. காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. தாள் நீட்டியது, நான் வாங்காதது, நீ கேட்டது, நான் பொய் சொன்னது, டாக்டரம்மா சொன்னது எல்லாம் சொன்னேன். உன் அம்மாவின் கை நின்றது.

"அவன் வந்துகினே கீறான்னு ஏன் சொன்ன?" என்றாள் பிறகு. "அத்த நம்பிகினு இல்ல படுத்துனு இருந்திருப்பா."

அவள் கீரையைப் பார்த்தபடியே, "அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஸ்கூல்ல போர்டுல எழுதறதுக்கு அவளத்தான் கூப்புடுவாங்க" என்றாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போய்விடலாமா என்று என் வீட்டுக்காரர் கண்ணால் கேட்டார். நான் முறத்தை இழுத்து மிச்சக் கீரையை ஆய ஆரம்பித்தேன். அரை மணி நேரம் இருக்கும். உன் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கையில் தட்டு. "வாயும் வயிறுமா வந்துட்டு வெறும் வயித்தோட போவாத. துன்னு" என்றாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, "எந்த நாளு சொல்லிகீறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

"ஒரு வாரம் முன்னாடியே வரேன். நாத்தனாராண்ட சொல்லி வெய்யி. பேனா நான் எடுத்தாறேன்."

என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை. நீ மன்னித்தாயா என்பதும் தெரியாது. உன்னிடம் கேட்கவே வழியில்லை. 'நீயே போடுடி.' அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். சொல்லாத அதைத்தான் இந்தப் பிள்ளையோடு சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறேன். பிள்ளையை இறக்கி வைத்துவிடலாம். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

நாத்தனார் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். "குடுங்க, நானே போடறேன்." வலியில் வாய் குழறினாலும் வர வேண்டும் இல்லையா? ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்குகிறது, கையும் சேர்ந்து நடுங்குகிறது. நேற்று டாக்டரம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன், கையெழுத்து கோணல்மாணலாக வந்தால் செல்லுமா என்று.

செல்லும் என்றார்.