ராகு காலத்தில் ஒரு சவுக்காரக் கம்பெனி

ஜூன் 3, 1943. வியாழன்

இன்றும் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் பொரித்தது, ராத்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தம்பி வாசு எதைப் போட்டாலும் தட்டை வழித்துச் சாப்பிடுகிறான். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தான்; அதை மூடியதிலிருந்து துரை என் வீட்டில் விருந்தாளி. சீட்டியடிப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை.

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்துத் தெரு நல்லம்மாள் அழுதுகொண்டு வந்தாள். இலவசப் படம் என்று ஜப்பான்காரர்கள் கூப்பிட்டார்களாம். உள்ளே போன ஆண்களைக் கதவைச் சாத்தி லோரியில் ஏற்றிவிட்டார்களாம். அவள் புருஷன் ரெங்கசாமியும் போய்விட்டான். சயாமில் ரயில் பாதை போடவாம். வேலை அட்டை இல்லாத ஆம்பிளையைக் கண்ட இடத்தில் பிடிக்கிறார்கள்.

வாசுவிடம் அட்டை இல்லை. அவனும் படத்துக்குத்தான் தலை சீவிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். அரிசிதான் இல்லையே.

ஜூன் 4

பக்கத்து வீட்டு ஹபீபா அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் புருஷன் துணி வாங்க நாகப்பட்டினம் போனவர், சண்டை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். அக்கா தேங்காயெண்ணெயிலும் சாம்பல் தண்ணியிலும் குளிக்கிற சவுக்காரம் காய்ச்சி விற்றுச் சாப்பிடுகிறாள்.

"கம்பெனி ஒண்ணு பதிஞ்சிடுவோம்லா," என்றாள். "கம்பெனின்னா ஆளு வேணும். ஆளுன்னா அட்டை குடுப்பான். உன் தம்பிதான் நம்ம ஆளு."

நான் தஞ்சாவூர்ப் பக்கம், அவள் நாகூர், இருப்பது மலாயா, முத்திரை குத்தப்போவது ஜப்பான்காரன். கம்பெனி எந்த நாட்டுடையது என்று கேட்டேன்.

"அழுக்கு எந்த நாட்டுது, சொல்லு?" என்றாள்.

ஜூன் 7. திங்கள்

என் வீட்டுக்காரர் தம்புசாமி ரயில்வேயில் டிக்கெட் கிராணி. அவருக்கு அட்டை உண்டு. கம்பெனி பதிகிற ஆபீஸுக்குப் போய் விசாரித்து வந்தார். விஜயன் என்ற மொழிபெயர்ப்பாளர் நல்ல மனுஷராம். மாதிரிக்குச் சவுக்காரம் வேண்டும், விண்ணப்பம் வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதற்குப் பிறகு அதிகாரி சிங்கப்பூர் போனால் ஒரு மாதம் வரமாட்டாராம்.

ஒரு மாதம் வாசுவைக் கட்டிலுக்கடியில் வைத்துச் சோறு போட முடியுமா? சோறு எங்கே, கிழங்குதான்.

ஜூன் 9

வாசு கிள்ளானிலிருந்து சைக்கிளில் எண்ணெய் கொண்டு வந்தான். அவன் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. காய்ச்சி மத்தி டின்னில் ஊற்றினோம். கட்டியாக இறுகவில்லை. களி மாதிரி ஆடியது. இரண்டாவது முறை இறுகியது. வாசுவைக் குளிக்க வைத்துப் பார்த்தோம். குளித்தவன் சாயந்திரம் வரை சொறிந்துகொண்டிருக்கிறான்.

"அழுக்கு போச்சுல்ல? அப்புறம் என்ன?" என்கிறாள் அக்கா.

ஜூன் 10

புதுத் தலைவலி. ராகு காலம்.

ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டான். வெள்ளிக்கிழமை ராகு பத்தரை முதல் பன்னிரண்டு. அது பழைய கடிகாரத்திலா, புதுக் கடிகாரத்திலா? பழையது என்றால் இப்போது பன்னிரண்டு முதல் ஒன்றரை. எது மெய்யான ராகு?

என் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறார்: "எதுக்கு வம்பு? ரெண்டையும் விட்டுடுவோம்."

ஆக, பத்தரை முதல் ஒன்றரை வரை ஒன்றும் ஆகாது. அதிகாரி ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். விடிந்ததும் போய்விட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 11. வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆளை நேரில் காட்ட வேண்டுமே என்று வாசுவையும் கூட்டிக்கொண்டு நாலு பேராகக் கிளம்பினோம்; வழியில் சைக்கிள் பஞ்சர். ஆபீஸ் வாசலுக்குப் போனபோது பத்தே முக்கால். என் வீட்டுக்காரர் எதிரே இருந்த மழைமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுத் தமிழ் ஆட்கள், ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு. எல்லாரும் ராகு போகட்டும் என்று நிற்கிறார்கள். ஆபீஸில் ஈ காக்கா இல்லை.

"அட்டை வேணுமா, ராகு வேணுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். மனுஷன் வானத்தைப் பார்க்கிறார். வாசுவும் பக்கத்தில் நின்று சொறிகிறான்.

ஹபீபா அக்கா கடிதாசியைப் பிடுங்கினாள். "தம்புசாமி தம்பி, உங்க ராகுவுக்கு எங்க வீட்டு அட்ரஸ் தெரியாது," என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

அதிகாரி சவுக்காரத்தை முகர்ந்து பார்த்தார். எத்தனை ஆள் என்றார். ஒருவன் என்றாள் அக்கா. ஒருவனுக்கு எதற்குக் கம்பெனி என்று முகம் சுளித்தார். "பத்து," என்றாள் அக்கா, கண் இமைக்காமல். பெயர் எழுதாத பத்து அட்டையில் விஜயன் முத்திரை குத்தினார். பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்தால் மரத்தடியில் லோரி.

சிப்பாய்கள் துப்பாக்கியால் தள்ளி ஏற்றுகிறார்கள். வேலையில்லாமல் மரத்தடியில் நிற்கிற ஆம்பிளைகள், கேட்பானேன். என் வீட்டுக்காரர் ரயில்வே அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாசு ஒரு கால் லோரியில் வைத்துவிட்டான். ஐயோ, என் தம்பி.

அக்கா நேரே போனாள். முத்திரையைச் சிப்பாயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இவன் என் ஆளு." வாசுவின் கையில் ஒரு அட்டை. நான் கும்பிட்டேன், போதும் வா என்று இழுத்தேன். அவள் நகரவில்லை. அடுத்தவன் கையில் ஒன்று. "இவனும் என் ஆளு. இவனும்." யாரென்றே அவளுக்குத் தெரியாது. வாசுவோடு சேர்த்து எட்டுப் பேர். லோரி காலியாகப் போனது.

அக்கா அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எட்டுப் பேரையும் பார்த்து, "நாளைக்குக் காலைல வந்து கிண்டணும், சொல்லிட்டேன்," என்றாள்.

என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: "ராகுவுக்கு நின்னதாலதானே எட்டு ஆளு கிடைச்சுது." ராத்திரி அவருக்குக் கிழங்கு கிடையாது.

ஜூன் 12

எட்டுப் பேரும் வந்தார்கள். ஒருவனுக்கும் கிண்டத் தெரியவில்லை.

பிப்ரவரி 8, 1944

கூலி என்று கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது? கிழங்கும் ஆளுக்கு ஒரு கட்டிச் சவுக்காரமும்தான். யாரும் கூடக் கேட்பதில்லை. சயாம் போனவர்கள் காய்ச்சலில் செத்து விழுகிறார்களாம்; வரும் செய்தி அப்படி.

செப்டம்பர் 20, 1945. வியாழன்

ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரன் திரும்ப வந்து, கம்பெனியைப் புதிதாகப் பதிய வேண்டும் என்கிறான். அட்டைக்கு இனி மதிப்பில்லை. இனி யார் வருவார்கள் கிண்ட என்று நினைத்துக்கொண்டுதான் சவுக்காரம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனேன்.

எட்டுப் பேரும் இருந்தார்கள். ஆனால் அடுப்பு பற்ற வைக்கவில்லை. வரிசையாகக் கவிழ்த்த எண்ணெய்த் தகரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் யார்? என் தம்பி.

"சம்பளம் பேசாம அடுப்பு எரியாதுக்கா," என்றான். "கிழங்குக்குக் கிண்டின காலம் போச்சு."

ஹபீபா அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நன்றி கெட்ட பயல்கள், லோரியிலிருந்து இறக்கி விட்டது யார் என்று ஆரம்பித்தாள். எட்டுப் பேரில் ஒருவனான ஜெயராஜ் எழுந்து அக்காவைப் பார்த்து, "அது வேற, இது வேறலா, ராத்தா," என்றான். எட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள். கொட்டகையே அதிர்ந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், என்னோடு சண்டை போட.

"கேட்டதைக் குடுத்துடலாம்கா," என்றேன்.

"ஒரு காசு தரமாட்டேன்," என்றாள் அக்கா.

வாசு நகர்ந்து இடம் விட்டான். நானும் கையைக் கட்டிக்கொண்டு தகரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.