குழாயிடம் சொன்ன கனவு

ஆடுகோடி, பெங்களூர்
20.8.1996

அன்புள்ள குமுதவல்லிக்கு,

நான் நலமே. உன் நெஞ்சுவலி இப்போது எப்படி உள்ளது?

நேற்று விடியற்காலைக் கனவில் நீ மணவறையில் கூறைப்புடவையுடன் அமர்ந்திருந்தாய். அருகில் நான் இல்லை. ஆலையில் பெருமாள்சாமியிடம் சொன்னேன்.

"கனவுல கல்யாணம் பாத்தா ஆகாது சார். சாவு பாத்திருந்தா ஆயுசு கெட்டி. முதல்ல ஓடுற தண்ணிகிட்ட சொல்லியிருந்தா பலிக்காது, எங்கிட்ட வந்து சொல்றீங்களே" என்று சிரித்தார்.

எனக்கு இவற்றில் நம்பிக்கையில்லை. ஆயினும் மாலையில் குழாயைத் திறந்து, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். வீட்டுக்கார லட்சுமம்மா, "யார்கிட்ட சார் பேச்சு? தண்ணி வீணாப் போகுது" என்றார். தண்ணீரிடம் சொல்லிவிட்டதால் உனக்கு எழுதுவதில் தவறில்லை.

தள்ளிப்போட்ட ஈ.சி.ஜி.யை வியாழனன்று எடுத்துவிடு. முடிவைக் கடிதத்தில் எழுதாதே; எதிர்வீட்டிலிருந்து ஆலைக்குத் தொலைபேசியில் சொல். நல்ல முடிவாக இருந்தாலும் உடனே வைத்துவிடாதே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
திருவேங்கடம்