சோப்புத் தண்ணீரில் அலசிய ஒன்பது பொட்டலங்கள்

ஆரணி
9-12-1981

அன்பு மகள் தேவகிக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நான் சுகமாக இருக்கிறேன், ஷில்லாங் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற கவலை ஒன்றுதான். கம்பளிச் சட்டை ஒன்று போதாது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று போட்டுக்கொள். இங்கே மழை விட்டும் ஈரம் போகவில்லை, சாயம் போட்ட பட்டு காய மாட்டேன் என்கிறது, அதனால் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் சுவரும்தான். உன் அம்மா போய் இரண்டு வருடம் ஆகியும் ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை, தினமும் சோறு மிஞ்சிப்போகிறது. பக்கத்து வீட்டு கெங்கம்மாள் அவ்வப்போது குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தேவகி எப்போது வருகிறாள் என்று கேட்காமல் போவதில்லை, நானும் வருவாள் வருவாள் என்று சொல்லி வைக்கிறேன்.

போன கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க மழையைப் பற்றியே எழுதியிருந்தேனே, அது நீ கேட்டதற்குப் பதில் சொல்லப் பயந்துகொண்டு எழுதியது. இப்போது சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி. வைகாசியில் உன் ஆராய்ச்சிக்காக நீ வந்தபோது கொல்லை மாமரத்தின் மேல் ஒட்டி வளர்ந்திருக்கும் அந்த ஆர்கிட் செடியின் விதையை எடுத்தாய். விதையா அது, மூச்சு விட்டால் பறந்துவிடுகிற தூள். நீ கொண்டுவந்த நைலான் துணியில் நான்தான் பத்துப் பொட்டலம் தைத்துக் கொடுத்தேன், நீ விதையைப் போட்டுச் செடியின் வேர் ஓடும் இடமாகப் பார்த்துப் பட்டையில் கட்டினாய். இந்த விதைக்குள் முளைப்பதற்கு வேண்டிய தீனி கிடையாது, பட்டையில் வாழ்கிற பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டிவிட்டால்தான் முளைக்கும், அது எந்தப் பூஞ்சை என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடு என்றும் சொன்னாய். "அப்பா, என்ன ஆனாலும் நீங்க கை வெச்சிடாதீங்க" என்று பஸ் ஏறும்போதுகூடச் சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன்.

தொடாமல்தான் இருந்தேன் அம்மா. காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை. பார்த்துவிட்டு நாலு வார்த்தை பேசுவேன், "இன்னாண்ணே, மரத்தாண்ட நின்னுகினு யார்கிட்ட பேசிகினு கீறீங்க" என்று கெங்கம்மாள்கூட வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டுவிட்டாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அடைமழை பெய்ததே, அப்போது பொட்டலங்களின்மேல் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி படர்ந்துவிட்டது. முப்பது வருடமாகப் பட்டு வேகவைக்கிற கை தேவகி இது. பட்டில் இப்படி வெள்ளைப் பூஞ்சை பூத்தால் ஒரு நாள் தாமதித்தாலும் மொத்தமும் போய்விடும், நீ சொன்னது ஒன்றும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை, உன் பொருள் பாழாகிறதே என்ற பதைப்புதான் இருந்தது. பட்டுக்குச் செய்கிற மாதிரியே சோப்பும் சோடாவும் போட்டுத் தண்ணீர் காயவைத்து, ஒவ்வொன்றாக முக்கி அலசி, நிழலில் ஆற்றி, கட்டிய இடத்திலேயே திரும்பக் கட்டினேன். பெருமையாக உனக்கு எழுதவும் செய்தேன், உன் பொட்டலமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று.

அதற்கு நீ எழுதிய பதிலில், சுத்தம் என்றால் என்ன, வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா, அதற்காகத்தான் காத்திருக்கிறேன், அப்படியே பார்சலில் அனுப்புங்கள், ஜனவரிக்குள் எங்கள் சாரிடம் காட்டாவிட்டால் ஒரு வருட வேலை வீணாகிவிடும் என்று இருந்ததைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதையும் பிரித்துப் பார்த்தேன், உள்ளே விதை முளைக்காமல் தூளாகவேதான் இருந்தது. பத்தாவது மேல் கிளையில் இருந்தது, முட்டிவலியால் அலசிய அன்றைக்கு நான் ஏறவில்லை, அதனால் தப்பியது. போன வியாழக்கிழமை கெங்கம்மாளை ஏணியைப் பிடிக்கச் சொல்லி ஏறினேன். துணிக்குள்ளே கடுகில் பாதிகூட இல்லாத பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, எண்ணினேன், பதினேழு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கீழே இருந்தவளுக்குத் தூசி விழுந்தது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. இது பார்சலில் தாங்காது, நீயே வந்து எடுத்துப்போனால்தான் உண்டு என்று ஒரு கடிதம் எழுதி, கவரும் ஒட்டிவிட்டேன். அது பொய். நீ வருவாய் என்ற ஆசை. நாலு நாள் அந்தக் கவரை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லீவு கிடைக்காமல் நீ தவிப்பாய், அதற்குள் அந்தப் பதினேழும் என்ன ஆகுமோ என்று நினைத்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். இன்று காலை அந்தப் பொட்டலத்தை ஒட்டியிருந்த பட்டையோடு பெயர்த்து, ஈரத்துணி சுற்றி, ஓட்டை போட்ட பவுடர் டப்பாவில் வைத்து, ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. வந்ததும் ஜல்தியாகப் பிரித்துவிடு. உங்கள் சார் கேட்டால் மற்ற ஒன்பதையும் கெடுத்தது என் அப்பா என்று தயங்காமல் சொல், உன்மேல் பழி வரக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, மலைப் பாதையில் தனியாகப் போகாதே. படவேட்டு ரேணுகாம்பாள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். நாளைக் காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க மரத்தில் ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக நீ வந்ததெல்லாம் ஏதோ ஒரு வேலையாகத்தான், சர்டிபிகேட் வாங்க, அம்மா காரியத்துக்கு, விதை எடுக்க. இப்போது இங்கே உனக்கு எந்த வேலையும் கிடையாது. ஒரு தடவை சும்மா வந்துவிட்டுப் போ அம்மா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
பலராமன்